காலி லிஃப்ட் மேலேதான் போகும்

லிஃப்ட் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் பிரேக் அண்ணன். அந்தப் பெயருக்குக் காரணம் இரண்டு சொல்வார்கள். பழைய லிஃப்டுகளின் பிரேக்கைச் சரிசெய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது ஒன்று. யார் எதைச் சொன்னாலும், டீ குடிக்கப் போகலாம் என்றால்கூட, "இருங்க, இருங்க" என்றுதான் ஆரம்பிப்பார் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடித்துப் பரப்பியவன் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் அவருக்கு ஜோடியாக வேலை செய்பவன்.

"எங்க அக்கா 'உங்களையே கட்டிக்கிறேன்'னு சொன்னப்போகூட இவர் 'இருங்க, யோசிச்சுச் சொல்றேன்'னாராம். அவ அப்பவே ஓடியிருக்கணும்," என்பான்.

உண்மையில் பிரேக் அன்று அப்படிச் சொன்னது யோசிப்பதற்காக அல்ல, மூச்சு வாங்குவதற்காக.

அவர்களைச் சேர்த்து வைத்ததே ஒரு லிஃப்ட்தான். அவள் அப்போது ஓர் உயரமான கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருந்த மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மேல்தளத்துக் கிடங்கிலிருந்து மருந்துப் பெட்டி எடுத்து வரும்போது லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. பிரேக் ஓடிவந்து கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, இப்ப வெளியே எடுத்துடறேன்," என்றார்.

"பயம் இல்லைங்க. போர் அடிக்குது," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "இந்தப் பெட்டி எதுல தொங்குது, எப்படித் தொங்குதுன்னு சொல்லுங்க. கேட்டுக்கிட்டிருக்கேன்."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எவ்வளவு நேரமாகும் என்று கேட்பார்கள். கம்பெனியைத் திட்டுவார்கள். சிலர் அழுவார்கள். எப்படித் தொங்குகிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. பிரேக் அங்கேயே குந்தி உட்கார்ந்து சொன்னார். கயிற்றின் இந்த முனையில் பெட்டி, அந்த முனையில் ஓர் எடைக்கட்டு. எடைக்கட்டு காலிப் பெட்டியைவிடக் கனமானது. அதனால் பிரேக்கை விட்டாலும் காலி லிஃப்ட் கீழே விழாது, மேலேதான் போகும்.

"அப்போ நான் ஒருத்தி இருக்கறதால விழ மாட்டேன்?"

"நீங்க இருக்கற கனத்துக்கு, விட்டா மேலதான் போவீங்க."

கதவு திறந்தபோது பெட்டி தளத்துக்கு ஒரு முழம் கீழே நின்றது. அவள் அவர் கையைப் பிடித்து ஏறினாள். பிடித்த கையை விடுவதற்கு முன்பே அடுத்த கேள்வி வந்தது. "அப்போ நிறையப் பேர் ஏறினா?"

அன்று தொடங்கிய கேள்விகள் கல்யாணத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. ஃப்ரிட்ஜ் ஏன் திடீர் திடீரென்று முனகுகிறது? தண்ணீர் கொதிப்பதற்கு முன்பு எதற்குச் சத்தம் போடுகிறது, கொதித்த பிறகு ஏன் அடங்குகிறது? பஸ் திரும்பும்போது நாம் ஏன் எதிர்ப்பக்கம் சாய்கிறோம்? தெரிந்ததைச் சொல்வார். தெரியாததற்குக் கொஞ்சம் சொந்தச் சரக்கு சேர்ப்பார். எது சொந்தச் சரக்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் இல்லாத அந்த இரண்டு அறை வீட்டில் கேள்விகள்தான் குறுக்கும் நெடுக்கும் ஓடின.

பிரேக் பொதுவாகப் பொறாமைக்காரர் அல்ல. தன்னிடம் வேலை பழகியவர்கள் தனக்கு மேலே போனபோது கைகொடுத்துச் சிரித்தார். அக்கம்பக்கத்தார் கார் வாங்கினால் போய்ப் பார்த்து, டயரைத் தட்டி, நல்ல வண்டி என்று சொல்லிவிட்டு வருவார். ஒரே ஓர் இடத்தில்தான் அவருக்குத் தோல் மெலிது. அந்த இடம் எது என்று பல வருஷம் அவருக்கே தெரியாமல் இருந்தது. அதைத் தெரியவைத்தது பொது நூலகத்தின் அறிவிப்புப் பலகை.

நாலாவது மாடிக் கூடத்தில், செவ்வாய்க்கிழமை மாலைகளில் வாசிப்பு வட்டம். 'இயற்கை, இயக்கம், காரணம்: பழைய கிரேக்கர்கள் என்ன நினைத்தார்கள்?' அனுமதி இலவசம். நடத்துபவர் ஒரு பல் டாக்டர்.

"போய்ப் பார்க்கட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"இரு, இரு... சரி, போ," என்றார் பிரேக். அந்த நூலகத்து லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. தன் லிஃப்டில் ஏறித்தானே போகப் போகிறாள் என்று ஓர் அசட்டு நிம்மதி.

முதல் வாரம் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் லிஃப்ட் கதவு திறந்த அன்று இருந்த அதே வெளிச்சம் இருந்தது. கிரேக்கப் பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் டாக்டர் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தாராம். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றவர் தண்ணீர்க்காரர். எதுவும் ஒரு நொடிகூட நிற்பதில்லை, எல்லாம் எரிந்து மாறிக்கொண்டே இருக்கிறது என்றவர் நெருப்புக்காரர். பறக்கிற அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓர் இடத்தில் நிற்கத்தானே செய்கிறது, பிறகு அது எப்போது பறந்தது என்று கேட்டுக் குழப்பியவர் அம்புக்காரர். இவர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் திட்டியவர் நாலு காரணக்காரர்.

"காந்தத்துக்கு உயிர் இருக்குன்னு தண்ணீர்க்காரர் சொன்னாராம். ஏன்னா அது இரும்பை நகர்த்துதே!"

"எங்க லிஃப்ட் பிரேக்குல இருக்கற காந்தத்துக்கெல்லாம் உயிர் இல்ல. கரண்ட்டுதான் இருக்கு," என்றார் பிரேக். அவள் சிரித்தாள். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

அவர் அதைக் கவனித்தார். அதற்கடுத்த வாரங்களில் வேறொன்றையும் கவனிக்கவில்லை என்றே சொல்லலாம். ஃப்ரிட்ஜ் முனகியது. அவள் கேட்கவில்லை. பஸ் திரும்பியது. அவள் அவர் தோளில் சாய்ந்தாள், கேட்கவில்லை. சாய்ந்தது அவருக்குப் போதவில்லை. கேள்விகள் எல்லாம் செவ்வாய்க்கிழமைக்காகச் சேர்ந்துகொண்டிருந்தன.

ஒரு மாலை அவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே நாலு காரணத்தை விளக்கினாள். "இந்தச் சட்டை ஏன் இருக்குன்னு கேட்டா நாலு பதில் இருக்குங்க. எதுல செஞ்சது? துணியில. என்னவா செஞ்சது? சட்டையா, திரைச்சீலையா இல்ல. யார் செஞ்சது? தையல்காரர். எதுக்காகச் செஞ்சது? நீங்க போட்டுக்கிறதுக்காக. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியலைன்னா மத்த மூணும் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்லையாம்."

"உங்க பல் டாக்டர் சட்டையில எத்தனை பொத்தான்னும் சொன்னாரா?"

"அவர் சட்டையில ஒரு பொத்தானைக் காணோம்," என்றாள் அவள், இஸ்திரிப் பெட்டியைத் திருப்பியபடி, "கழுத்துக்குக் கீழ, ரெண்டாவது."

பிரேக்கின் காது மடல் சூடாகியது. அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

மறுநாள் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டின் மெஷின் அறையில் மச்சான் அவரை உற்றுப் பார்த்தான். "என்ன மாமா, கியர் ஆயில் குடிச்ச மாதிரி மூஞ்சி?"

"உங்க அக்கா சட்டைப் பொத்தான் எண்ணறா."

"யார் சட்டை?"

சொன்னார். மச்சான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "ஏன் மாமா, அவ போறது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன ஆளுங்களைப் பார்க்கத்தானே?"

"செத்தவங்க சரி. பல் டாக்டர் உயிரோட இருக்காரே."

"அவரா? லிஃப்ட்ல ஏறினா ஓவர்லோட் மணி அடிக்கும் போல இருக்கார். எங்க அக்காவுக்கு ஒல்லிதான் புடிக்கும். அதான் உங்களைக் கட்டிக்கிட்டா." பிறகு பேச்சை மாற்றுவதற்காக மோட்டாரைக் காட்டினான். "சரி, ஒரு டீ பந்தயம். இப்ப உள்ள எத்தனை பேர்?"

இது அவர்களுடைய பழைய விளையாட்டு. பழைய லிஃப்டில் காலிப் பெட்டி இறங்கும்போதுதான் மோட்டார் அதிகமாக முக்கும். மறுபக்கத்து எடையைத் தூக்க வேண்டுமே. ஆள் ஏற ஏற முக்கல் குறையும். பிரேக் கண்ணை மூடிக் கேட்டு, "மூணு பேர். அதுல ஒண்ணு குழந்தை," என்றார். கீழே போய்ப் பார்த்த மச்சான் முணுமுணுத்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயும் ருசிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நூலக லிஃப்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிரேக் வேலை உடையோடு கூடத்தின் வாசலில் போய் நின்றார். மனைவி இரண்டாவது வரிசையில், முகவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் பருத்த, சிரித்த முகத்து மனிதர். அடுத்தவர் வாயைத் திறக்கவைப்பதே தொழில் என்பதாலோ என்னவோ, அந்தக் கூடத்தில் ஒருவர் வாயும் மூடியிருக்கவில்லை. பொத்தான் இன்னும் தைக்கப்படவில்லை என்பதைப் பிரேக் முதலில் பார்த்தார்.

நாலு காரணக்காரரின் ஒரு கருத்தைப் பற்றி அன்று பேச்சு. ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பான ஓர் இடம் உண்டு. கனமானது கீழே போகும், லேசானது மேலே போகும். கல் விழுவது தன் வீட்டுக்குத் திரும்புவது போன்றது. இந்தக் கருத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. அந்தக் கிரேக்கர்கள் பதில்களில் பெரும்பாலும் தோற்றவர்கள்தான். அவர்களைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்ல சொல் ஒன்று உண்டென்றால், பதில் தவறாகப் போன பிறகும் கேள்வி செத்துப்போகாதபடி கேட்டார்கள் என்பதுதான்.

பிரேக்குக்கு அதைப் பற்றியெல்லாம் அக்கறை இல்லை. அவருக்கு வேண்டியது ஓர் ஓட்டை. கிடைத்துவிட்டது.

"கனமானது கீழதான் போகும்னா எப்படிங்க?" என்றார் வாசலிலிருந்தே. "எங்க லிஃப்ட் பெட்டி இரும்பு. பிரேக்கை விட்டா, காலிப் பெட்டி மேலதான் போகும்."

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். டாக்டர் திணறுவார் என்று பிரேக் காத்திருந்தார். டாக்டரோ சிறுபிள்ளை மாதிரி கைதட்டினார்.

"அடடா! ஏன் சார்? உள்ள வாங்க, ஏன்னு சொல்லுங்க!"

வேறு வழியில்லாமல் எடைக்கட்டைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். டாக்டர் அதை அங்கேயே பிடித்துக்கொண்டார். "இப்ப ஒரு கேள்வி. பெட்டியை மேல நகர்த்தினது யாரு? அந்தப் பக்கத்து எடையா? பிரேக்கை எடுத்தாரே, இவரா? இவர் தள்ளவே இல்லையே! நாலு காரணக்காரரும் இதைக் கேட்டிருக்கார். ஒரு தூணை ஒருத்தன் உருவறான், மேல இருந்த கல் விழுது. கல்லை நகர்த்தினவன் அவனா? ஒரு விதத்துல ஆமா, ஒரு விதத்துல இல்லங்கறார்."

மனைவி முகவாயிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்கள் அகன்றன. அந்தப் பார்வையைப் பிரேக்குக்கு நன்றாகத் தெரியும். ஒருகாலத்தில் அது கதவிடுக்கு வழியாக அவர்மேல் விழுந்த பார்வை. இப்போது அது டாக்டர்மேல் இருந்தது. ஆயுதத்தைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அவள், "டாக்டர் எப்படிக் கேட்டார் பார்த்தீங்களா! தடையை எடுக்கறவன் நகர்த்தறவனா?" என்றாள்.

"அந்த லிஃப்ட் விஷயம் நான் சொன்னது."

"ஆமா, அது எனக்குத் தெரிஞ்சதுதானே. எத்தனையோ வருஷமாச்சு நீங்க சொல்லி."

அவள் அதைப் பிரியமாகத்தான் சொன்னாள். பிரேக்குக்கு, பழைய சாமானை ஓரமாக எடுத்து வைத்தது போல இருந்தது.

அதன் பிறகு வந்த செவ்வாய்க்கிழமைதான் அவர் அதைச் செய்தார்.

திட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வட்டம் முடிந்ததும் எல்லோரும் சின்னச் சின்னக் கூட்டமாக லிஃப்டில் இறங்கிப் போவார்கள். மனைவி முதல் கூட்டத்தோடு இறங்கி நூலக வாசலில் நிற்பாள். டாக்டர்தான் கூடத்தைப் பூட்டிவிட்டுக் கடைசியாக, தனியாக இறங்குவார். அந்த மனிதரை நடுவழியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் என்ன? வியர்க்கட்டும். கத்தட்டும். அப்புறம் போய்க் கதவைத் திறந்து, "என்ன டாக்டர், பயந்துட்டீங்களா?" என்று கேட்க வேண்டும். பக்கத்தில் மனைவி நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

மேல்தளத்துக்கு மேலே இருந்த மெஷின் அறையில் அவர் மோட்டார் பக்கத்தில் நின்றார். முதல் கூட்டம் இறங்கியது. மோட்டார் லேசாக ஓடியது: ஐந்தாறு பேர். மனைவி போய்விட்டாள். இன்னொரு கூட்டம். பிறகு வெகுநேரம் சத்தமில்லை. பிறகு பெட்டி மறுபடி மேலே வந்து, நின்று, இறங்க ஆரம்பித்தது. மோட்டார் நன்றாக முக்கியது. கண்ணை மூடிக் கேட்டார். ஒரே ஆள். கனமான ஆள். பந்தயம் கட்டலாம்.

மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

சக்கரம் நின்றது. மெஷினின் பிரேக் அதை 'டக்' என்று கவ்வியது. அதன்பின் வந்த அமைதியில் அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அவர் வாழ்க்கையில் வந்த சந்தோஷங்களிலேயே மிக அற்பமானது அது. கீழிருந்து அபாய மணி அடித்தது. அடிக்கட்டும்.

படியில் யாரோ மூச்சிரைக்க ஏறி வரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர் பல் டாக்டர்.

"சார்! நல்லவேளை, நீங்க இங்க இருக்கீங்க! லிஃப்ட் நின்னுடுச்சு. உள்ள உங்க வீட்டம்மாவும் நம்ம வட்டத்துக்கு வர்ற கணக்கு டீச்சரும்!"

பிரேக் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க... நீங்க ஏன் அதுல இல்ல?"

"நானா? விட்டா தானா மேல போயிடும்னு நீங்க சொன்னதிலேருந்து நான் படிதான் சார். அவங்க ரெண்டு பேரும் இன்னிக்கு நாற்காலி அடுக்க உதவிட்டு இப்பத்தான் ஏறினாங்க."

இரண்டு ஒல்லியான பெண்கள், ஒரு பருத்த டாக்டர். மோட்டாருக்கு எந்த வித்தியாசமும் தெரிவதில்லை.

சுவிட்சை மேலே தள்ளினார். விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடவில்லை. மறுபடி இழுத்துத் தள்ளினார். ஓடவில்லை. பழைய லிஃப்ட் அது. திடீரென்று நின்ற குலுக்கலில் எங்கோ ஒரு கதவுப் பூட்டின் தொடர்பு விலகியிருக்க வேண்டும். கையை விட்டுப் போன கல்லை அதன்பின் எது தள்ளுகிறது என்று அந்தக் கிரேக்கர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். காற்று தள்ளுகிறது என்று ஒரு பதிலும் சொல்லி வைத்தார்கள். பதில் தவறு. ஆனால் கல் கையை விட்டுப் போய்விட்டது என்பதில் தவறில்லை.

"கையாலதான் சுத்தணும்," என்றார் பிரேக். "ரெண்டு ஆள் வேணும். என் மச்சான் இன்னிக்கு வேற பக்கம் போயிருக்கான். நீங்க இந்த நெம்புகோலைப் பிடிங்க. நான் 'தூக்கு'ன்னா தூக்குங்க, பிரேக் விடும். 'விடு'ன்னா விட்டுடுங்க, பிரேக் பிடிச்சுக்கும்."

"தூக்கினா விடும், விட்டா பிடிக்கும். சரி."

"தூக்கு!"

டாக்டர் தூக்கினார். சக்கரம் பிரேக்கின் கைக்குள் தானாகவே திரும்ப ஆரம்பித்தது. பெட்டி லேசு, அதனால் மேலே போகத் துடித்தது. அவர் தள்ள வேண்டியிருக்கவில்லை. ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே வேண்டியிருந்தது.

"விடு! பல்லைப் புடுங்கற மாதிரி இழுக்காதீங்க டாக்டர். மெதுவா. தூக்கு!"

"சார், இது இப்ப நகருதே, நாம ரெண்டு பேர்ல யாரு..."

"விடு!" என்று பிரேக் போட்ட கத்தலில் டாக்டர் கேள்வியையும் சேர்த்து விட்டார்.

அதன்பின் சொன்னதைச் சொன்னபடி செய்தார் டாக்டர். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அந்தப் பயம் பொய் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்காக ஒரு நல்ல மனிதன் படுகிற பயம். அதைப் பார்க்கப் பார்க்கப் பிரேக்குக்கு அவர்மேல் கோபம் கூடியது. கெட்டவனாகவாவது இருந்து தொலைத்திருக்கலாமே!

கயிற்றில் இருந்த அடையாளம் மூன்றாவது மாடிக்கு நேராக வந்ததும் நிறுத்திவிட்டு, சாவியோடு படியில் இறங்கி ஓடினார். கதவைத் திறந்தார். கணக்கு டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறி, வாயில் எதையோ சப்பிக்கொண்டிருந்தார். மனைவி டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தபடி குந்தியிருந்தாள்.

"டீச்சருக்கு சுகர். படபடன்னு வந்துடுச்சு. என் பையில மிட்டாய் இருந்துச்சு," என்றாள். குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் அவரைப் பயமுறுத்தியது.

பெட்டி தளத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பிரேக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். டீச்சரின் கையை எடுத்து அதில் வைத்தாள். டீச்சர் ஏறிய பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தானாக ஏறிக்கொண்டாள்.

டாக்டர் டீச்சரை வீட்டில் கொண்டுபோய் விடக் கிளம்பினார். இவர்கள் இருவரும் தெருவில் நடந்தார்கள். மாலை வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மூடிக்கொண்டிருந்த கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"எதனால நின்னுச்சு?" என்றாள்.

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவரிடம் வந்த முதல் கேள்வி.

"கரண்ட்டு..."

"கதவிடுக்குல வராந்தா லைட் தெரிஞ்சுது. எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

"மெயின் சுவிட்ச் விழுந்திருக்கு."

"தானா விழுமா?"

"விழாது."

"யாரு?"

தூணை உருவியவன் கல்லை நகர்த்தியவனா என்ற கேள்வி அவருக்கு நினைவு வந்தது. ஒரு விதத்தில் இல்லை என்று சொல்லலாம். நான் ஒரு சுவிட்சை இழுத்தேன், அவ்வளவுதான். நாற்காலி அடுக்க உன்னை யார் இருக்கச் சொன்னது என்று கேட்கலாம். டாக்டரைப் படியில் போகவைத்ததுகூடத் தன் வாய்தான் என்பதும் நினைவு வந்தது. எந்தப் பக்கம் நூலைப் பிடித்து இழுத்தாலும் அது அவரிடமே வந்து முடிந்தது.

"நான்தான்."

அவள் நடையை நிறுத்தவில்லை. "எதுக்காக?"

"டாக்டர்தான் உள்ள இருக்கார்னு நினைச்சேன்."

"அது எப்படின்னு நான் கேக்கல. எதுக்காகன்னு கேட்டேன்."

பிரேக் வழக்கம்போல "இரு, இரு" என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "நீ இப்பல்லாம் என்கிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல," என்றார். "எல்லாத்தையும் அங்க கொண்டுபோய்க் கேக்கற."

அவள் நின்றாள். அவரைப் பார்த்தாள். சிரிப்பாளோ என்று ஒரு கணம் அவருக்கு நப்பாசை.

"டீச்சர் மயங்கி விழுந்திருந்தா அந்தக் கேள்வியை யார்கிட்டங்க கேட்டிருப்பேன்?"

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள். "அன்னிக்கு அந்தக் கடை லிஃப்ட்ல நான் பயப்படாம இருந்தேன். ஏன் தெரியுமா? வெளியில நின்ன ஆள் குரல் பொய் சொல்ற குரல் மாதிரி இல்ல. இன்னிக்கு உள்ள நின்னப்போ, வெளியில நீங்க இருப்பீங்கன்னுதான் டீச்சருக்குத் தைரியம் சொன்னேன்." பிறகு, "என் தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. டாக்டர்கிட்டயும், டீச்சர்கிட்டயும்," என்றாள்.

ஆள் உள்ளே இருக்கும்போது மெயினைத் தொடக்கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல்நாள் சொல்லித்தரும் பாடம். மச்சானுக்கு அதைச் சொல்லித்தந்தவரே பிரேக்தான். மறுநாள் காலை அவர் சொல்லி முடித்தபோது மச்சான் கேலி எதுவும் செய்யவில்லை. மேலிடத்தில் சொல்வேன் என்றும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "நூலக லிஃப்டை இனி நான் பார்த்துக்கறேன் மாமா," என்று சாவிக்குக் கையை நீட்டினான். பிரேக் கொடுத்துவிட்டார். கணக்கு டீச்சர் அழுதார். டாக்டர், "என்னை நினைச்சா பொறாமைப்பட்டீங்க சார்?" என்று நம்ப முடியாமல் கேட்டார். அந்த ஆச்சரியம் ஒரு விதத்தில் பிரேக்கை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

செவ்வாய்க்கிழமை வந்தது. மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நானும் வரட்டுமா?" என்றார்.

"தெரு பொதுதானே."

நூலகத்தில் லிஃப்ட் வேலை செய்துகொண்டிருந்தது. மச்சான் சரிசெய்திருந்தான். கதவு திறந்து நின்றது. அவள் அதைக் கடந்து படியில் ஏற ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து எந்த லிஃப்டிலும் யோசிக்காமல் ஏறியவள். பிரேக் பின்னால் ஏறினார். டாக்டரின் பொத்தானை யாராவது தைத்திருப்பார்களா என்று அப்போதும் அவர் மனம் ஒரு மூலையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பொறாமைக்கு ரோஷம் கிடையாது. செருப்படி வாங்கிய பிறகும் அது அதே வாசலில்தான் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். அவர் ஒரு படி கீழே நின்றுகொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் இறங்கியது. கயிற்றின் உரசலும் மேலே மோட்டார் முக்குவதும் சுவர் வழியாகக் கேட்டன.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இப்ப உள்ள எத்தனை பேருங்க?"

பிரேக் கண்ணை மூடினார். காதில் ஒரு பதில் தயாராக வந்து நின்றது. ஒரு ஆள், நல்ல கனம். அல்லது இரண்டு பேர், ஒல்லி.

"தெரியல," என்றார்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் ஏதாவது சொந்தச் சரக்கு சேர்ப்பார் என்று காத்திருந்தது போல இருந்தது. அவர் சேர்க்கவில்லை. லிஃப்ட் அவர்களைத் தாண்டிக் கீழே போய் நின்ற சத்தம் கேட்டது. அவள் திரும்பி அடுத்த படியில் காலை வைத்தாள். அவரும் வைத்தார்.